வண்டி பெயின்டில் ஏறிய இரும்புத் துகளை வீட்டிலேயே எடுப்பது எப்படி?

வெள்ளைக் காரை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகும் டிக்கியிலும் பின்கதவிலும் மிளகாய்த்தூள் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் நிற்கும். அது சாதாரண அழுக்கு அல்ல. வண்டியின் தகடு துருப்பிடித்ததும் அல்ல. பிரேக் பேடும் டிஸ்கும் உரசும்போது தெறிக்கும் பொடி, ரயில் சக்கரமும் தண்டவாளமும் தேய்ந்து பறக்கும் தூள், கிரில் பட்டறையில் கட்டிங் மெஷின் கக்கும் தீப்பொறி எல்லாம் பெயின்டின் மேல் வந்து உட்காருகின்றன. சூடாக வந்து விழுபவை பெயின்டின் மேல் உள்ள நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டுக்குள் குத்தி இறங்கிவிடும். ஈரம் பட்டதும் துருப்பிடித்து உப்பும்; உப்ப உப்பச் சுற்றியுள்ள பெயின்டை நெம்பும்.

இதைத் தேய்த்து எடுக்க முடியாது, கரைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படிக் கரைக்கும் தெளிப்பு மருந்துதான் அயர்ன் ரிமூவர். கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்தவர்கள் புள்ளியோடு பளபளப்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு, பிறகு பாலிஷ் போட இரட்டைச் செலவு செய்கிறார்கள்.

## 1. இரும்புத் துகள்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

வண்டியைக் கழுவிக் காயவைத்த பின் மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் பானட்டின் மேல் மெதுவாகத் தடவுங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாக உப்புத்தாள்போல் தெரியும். பானட், கூரை, டிக்கி, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கதவின் கீழ்ப்பகுதி என்று நான்கு இடத்திலாவது பாருங்கள்.

சொரசொரப்பு எல்லாமே இரும்பு அல்ல. தார், மரப்பிசின், பக்கத்து வீட்டுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தபோது பறந்த துளி எல்லாமே இப்படித்தான் தட்டுப்படும். தார் கறுப்பாக, கதவின் அடியில்தான் அதிகம் இருக்கும். இரும்பு என்றால் பழுப்பு அல்லது ஆரஞ்சுப் புள்ளி. நடுவில் கறுப்பாக ஒரு ஊசிமுனை தெரியும்.

கல் அடித்துப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் தகடே துருப்பிடிப்பது வேறு வியாதி. அங்கே விரல் நகம் பள்ளத்தில் இறங்கும். இரும்புத் துகள் என்றால் மேடாகத் தட்டும். இதற்கு எளிதான சோதனை ஒன்று உண்டு. பம்பரைப் பாருங்கள். பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. அதிலும் அதே பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அவை வெளியிலிருந்து வந்தவை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

கறுப்பு, கருநீல வண்டிக்காரர்கள் "என் வண்டியில் புள்ளி இல்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் ரயில் பணிமனைகளை ஒட்டி நிறுத்துபவர்கள், கடற்கரை–தாம்பரம் பாதையோர ஸ்டாண்டுகளில் தினமும் வண்டி விடுபவர்கள், கோவையில் ஃபவுண்டரிகளுக்கு அருகில் இருப்பவர்கள், திருவெறும்பூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறைத் தெருவில் இருப்பவர்கள் நிறத்தை நம்பாமல் கவர் சோதனையைச் செய்து பாருங்கள்.

## 2. கையில் உள்ள காகிதங்களைப் பாருங்கள்

ரிமூவர் பாட்டிலைத் திறக்கும் முன் மூன்று விஷயம்.

வண்டி புதிதா? டெலிவரி எடுக்கும் நாளிலேயே கவர் சோதனை செய்யுங்கள். யார்டில் மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியிலும் துகள் ஏறியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் சொன்னால் ஷோரூமையே எடுத்துத் தரச் சொல்லலாம். பிறகு சொன்னால் கேட்க ஆள் இருக்காது. காற்றில் வரும் மாசால் ஏற்படும் கேட்டைப் பெயின்ட் வாரன்டியில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. உங்கள் வாரன்டிப் புத்தகத்தில் விதிவிலக்குகள் பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.

பெயின்டைக் காக்கும் செராமிக் கோட்டிங்கோ, பி.பி.எஃப். எனும் நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலோ இருக்கிறதா? அதற்குத் தனி வாரன்டி அட்டை இருக்கும். எந்த வகை ரசாயனம் படலாம், படக்கூடாது என்று அதில் பாருங்கள். இல்லையென்றால் போட்டுக் கொடுத்த கடையில் வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிங்கரிங் முடித்துப் புதிதாக பெயின்ட் அடித்த பேனல் உண்டா? பில்லில் தேதி இருக்கும். அதிலிருந்து மூன்று மாதம் ஆகும்வரை அந்தப் பேனலைத் தொடாதீர்கள். மேலே காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே இறுகப் பெயின்டுக்கு நாள் பிடிக்கும்.

அந்த மருந்துக்கான பாதுகாப்புத் தகவல் தாளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டு மருத்துவரிடம் ஓட நேர்ந்தால் அவர் கேட்பது அந்தத் தாளைத்தான். வேலை தொடங்கும் முன் எல்லாப் பேனலையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துவிடுங்கள். எது பழைய கீறல், எது புதிது என்று பின்னால் தெரிய வேண்டும்.

## 3. வாங்க வேண்டியவையும் செலவும்

அயர்ன் ரிமூவர் 500 மி.லி. பாட்டில் பிராண்டைப் பொறுத்து சுமார் 450 முதல் 1,200 ரூபாய். ஹேட்ச்பேக் பாடிக்கு 200 மி.லி., செடானுக்கு 250–300, எஸ்.யூ.வி.க்கு 400 வரை ஆகும். வீல் ஒன்றுக்குத் தனியாக 30–50 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வண்டிக்கு ஒரு பாட்டிலில் பாடி, வீல் இரண்டும் முடிந்துவிடும். பெரிய வண்டிக்கு முதல் தடவை ஒரு லிட்டர் வாங்குவதே நல்லது. பாதிக் காரில் தீர்ந்துபோனால் நாள் வீண்.

லேபிளில் அமோனியம் தியோகிளைகோலேட் அல்லது சோடியம் தியோகிளைகோலேட் என்று இருக்கிறதா, பி.எச். நடுநிலை (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பொருள் இரும்போடு சேரும்போது ஊதா நிறம் வரும். அழுகிய முட்டை நாற்றமும் வரும். பார்லரில் முடி சுருட்டும் மருந்தும் முடி நீக்கும் கிரீமும் இதே குடும்பம்தான். கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்று சொல்வதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

மற்றவை: நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க், கார் ஷாம்பு, தார் ரிமூவர் சின்ன பாட்டில், ஃபைன் கிரேடு கிளே பார் (பெயின்டில் ஒட்டியதை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) 50–100 கிராம், இரண்டு வாளி, துவைத்த மைக்ரோஃபைபர் துணி ஆறு, பெயின்டின் மேல் காப்புப் படலம் போட வாக்ஸ் அல்லது ஸ்பிரே சீலன்ட். எல்லாமே புதிதாக வாங்கினால் 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் முடியும். அடுத்த தடவைக்கு ரிமூவர் மட்டும் வாங்கினால் போதும்.

வாங்கக்கூடாதவை இதைவிட முக்கியம். டாய்லெட் கழுவும் ஆசிட் துருவைக் கரைக்கும்தான். கூடவே குரோமையும் அலாய் வீலையும் கரைக்கும். மொசைக் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கரைத்து அடிக்கச் சொல்லும் பெயின்டர்கள் உண்டு. துருக்கறையை அது எடுக்கும், பொய்யில்லை. ஆனால் அது விஷம். அளவு தவறினால், இடுக்கில் தங்கினால் கெடுதல். முதல் தடவை செய்பவருக்கு வேண்டாம். கடையில் "ரஸ்ட் ரிமூவர்" என்று கேட்டால் கேட் கம்பிக்கு அடிக்கும் பாஸ்பாரிக் அமிலக் கலவையைக் கொடுத்துவிடுவார்கள். "கார் பெயின்டுக்கான அயர்ன் ரிமூவர்" என்றே கேளுங்கள். இதை எந்த ஆசிட்டோடும் பிளீச்சிங் பொருளோடும் கலக்கக்கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

## 4. நாளும் நேரமும் இடமும்

முதல் தடவைக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் ஊர் வெயிலில் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் ரசாயன வேலையை முடித்துவிட வேண்டும், அல்லது மாலை 5 மணிக்கு மேல். தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இதமான சூடுகூட இருக்கக்கூடாது. ஓட்டிக்கொண்டு வந்த வண்டியென்றால் ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும். பானட்டுக்கு அடியில் எஞ்சின் இருப்பதை மறந்துவிட்டு முதலில் பானட்டில் அடிப்பவர்கள் நிறையப் பேர்.

மூடிய கராஜில் செய்யாதீர்கள். நாற்றம் தலைவலியைக் கொடுக்கும். காற்றோட்டம் வேண்டும், ஆனால் பலத்த காற்று கூடாது. தெளிப்பது முகத்துக்கே திரும்பும். வடியும் ஊதா நீர் பார்க்கிங் டைல்ஸிலும் பேவர் பிளாக்கிலும் கறை பிடிக்கும். தொடங்கும் முன் தரையை நன்றாக நனைத்துவிட்டு, வடிந்ததை அவ்வப்போது தண்ணீர் அடித்து ஓடவிடுங்கள். பிள்ளைகளும் நாய் பூனையும் அந்தப் பக்கம் வரவேண்டாம். செடித் தொட்டி இருந்தால் நகர்த்துங்கள்.

தண்ணீர்க் குழாய் நீளமாக, தடையில்லாமல் வர வேண்டும். மோட்டார் நின்று, ரிமூவர் பெயின்டில் காய்ந்துபோனால் அதைவிடப் பெரிய தொல்லை இல்லை. மேல்தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

## 5. கழுவுங்கள், தாரை எடுங்கள்

முதலில் வெறும் தண்ணீரால் மண்ணை அடித்து விடுங்கள். பிறகு கார் ஷாம்பு, இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் துணியை அலச நல்ல தண்ணீர். மேலிருந்து கீழே. அழுக்குப் படலம் இருந்தால் ரிமூவர் இரும்பைச் சென்று சேராது, மருந்து வீணாகும்.

தார் இருந்தால் இப்போதே தார் ரிமூவரைத் துணியில் எடுத்து ஒற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டுத் துடைத்துக் கழுவுங்கள். தாருக்கு அடியில் மாட்டிய இரும்பு அப்போதுதான் வெளியே தெரியும். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் படலம் விடும்.

கழுவிய பின் சொட்டும் நீரை ஒருமுறை வழித்துவிடுங்கள். பேனலில் தண்ணீர் குளமாக நின்றால் மருந்து நீர்த்துப்போகும். முழுக்கக் காயவும் வேண்டாம்.

## 6. அயர்ன் ரிமூவர் அடிப்பது

கையுறை, கண்ணாடி, மாஸ்க் போட்ட பிறகுதான் பாட்டில். லேபிள் வேறு சொன்னாலொழியத் தண்ணீர் கலக்காதீர்கள்.

முதலில் கண்ணில் படாத இடத்தில், கதவின் கீழ் ஓரத்தில், உள்ளங்கை அளவு அடித்து இரண்டு நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள். நிறம் மங்கவில்லை, கறையில்லை என்றால் தொடரலாம்.

காரை முழுவதுமாக ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். காணொளிகளில் அப்படித்தான் காட்டுவார்கள். அது குளிர் நாட்டு வானிலை. இங்கே ஒரு தடவைக்கு இரண்டு பேனல். பானட்டும் முன் ஃபெண்டரும், பிறகு அந்தப் பக்கக் கதவுகள், பிறகு கூரை என்று போங்கள். பேனலிலிருந்து ஓர் அடி தூரத்தில் பாட்டிலைப் பிடித்து, சீராக, ஒரு பேனலுக்கு 10 முதல் 15 அழுத்தல். செங்குத்தான கதவில் கீழிருந்து மேலாக அடித்தால் வழிந்து கோடு விழாது.

லேபிளில் உள்ள நேரமே கணக்கு. பொதுவாக 3 முதல் 5 நிமிடம். போனில் டைமர் வையுங்கள். ஒரு நிமிடத்திலேயே புள்ளிகளிலிருந்து ஊதா நிறம் கசிந்து வழியத் தொடங்கும். பார்க்கத் திருப்தியாக இருக்கும், அதனாலேயே இன்னும் கொஞ்ச நேரம் விடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். காய்ந்தால் வெள்ளைப் பெயின்டில் ஊதாத் திட்டு நிற்கும், மற்ற நிறங்களில் நீர்க்கறை போன்ற படலம் நிற்கும். ஓரங்கள்தான் முதலில் காயும், அவற்றைக் கவனியுங்கள். காய்வது போல் தெரிந்தால் நேரம் முடியாவிட்டாலும் உடனே கழுவிவிடுங்கள்.

மூன்றாவது நிமிடத்தில், புள்ளி அதிகமான இடத்தில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒருமுறை நீவலாம். அந்தத் துணியை இனி வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், அதில் இரும்புத் தூள் ஏறியிருக்கும்.

நேரம் முடிந்ததும் தாராளமாகத் தண்ணீர். கதவு இடுக்கு, கண்ணாடி பீடிங், டெயில் லைட் ஓரம், நம்பர் பிளேட் பின்புறம் எல்லாம் ஓட ஓட அடியுங்கள். நாற்றம் போகும்வரை என்பது நல்ல அளவுகோல்.

நிறம் மாறவில்லையென்றால் மருந்து போலி என்று முடிவு கட்டாதீர்கள். கறுப்பு வண்டியில் ஊதா தெரியாது. தரையில் வடியும் நீரைப் பாருங்கள். வாக்ஸ் கனமாக இருந்தாலும் மருந்து இறங்க நேரமாகும். அதேபோல் நிறைய ஊதா வந்தது என்பதால் எல்லாம் வந்துவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. தீர்ப்பு சொல்வது கவர் சோதனைதான். இன்னும் சொரசொரப்பாக இருந்தால் அந்தப் பேனலில் மட்டும் இரண்டாவது சுற்று. ஒரே நாளில் மூன்றாவது சுற்று வேண்டாம்.

எங்கே அடிக்கக்கூடாது: பெயின்ட் இல்லாத அலுமினியம், உரிந்த குரோம், பெயின்ட் பெயர்ந்து தகடு தெரியும் இடம், பளபளப்பில்லாத மேட் பெயின்ட். மேட் பெயின்டுக்கு அந்தத் தயாரிப்பு பொருந்தும் என்று லேபிளில் தெளிவாக இருந்தால் மட்டும் அடியுங்கள். கண்ணாடியில் அடிக்கலாம், முன்கண்ணாடியிலும் துகள் ஏறும்.

## 7. வீல்கள்

வீலை பாடியோடு சேர்த்துச் செய்யாதீர்கள், தனியாகச் செய்யுங்கள். நான்கு வீல்களும் ஆறியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக அடித்து, மென்மையான பிரஷ்ஷால் ஸ்போக்குகளின் உள்பக்கம் தேய்த்து, கழுவி முடித்த பிறகே அடுத்தது. முன்சக்கரத்தில் அதிகம் வரும், பிரேக்கின் பாரம் அங்கேதான் விழுகிறது. டயமண்ட் கட் (முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கிய) அலாய் வீலில் மேல்பூச்சு உரிந்திருந்தால் அடிக்கவே வேண்டாம்.

பிரேக் டிஸ்க் நனையும், மெல்லிய துரு உடனே படியும், பயப்பட ஒன்றுமில்லை. வேலை முழுவதும் முடிந்தபின் ஆளில்லாத இடத்தில் நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி நான்கைந்து முறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பிடிப்பு சரியான பிறகே சாலைக்கு.

## 8. கிளே பார்: தேவைப்பட்டால் மட்டும்

ரிமூவருக்கு முன் கிளே போடுவதுதான் இந்த வேலையிலேயே அதிகம் நடக்கும் தவறு. கிளே துகளின் தலையை வெட்டி எடுக்கும். வேர் உள்ளே இருக்கும். சில வாரத்தில் அதே இடத்தில் பழுப்பு திரும்பும். வெட்டிய துண்டைப் பெயின்ட் முழுக்க இழுத்துக் கீறலும் போடும்.

ரிமூவருக்குப் பிறகு ஷாம்பு போட்டு மறுபடி கழுவுங்கள். அதன்பின் கவர் சோதனையில் இன்னும் சொரசொரப்பு தெரியும் பேனல்களுக்கு மட்டும் கிளே. கட்டியிலிருந்து 25–30 கிராம் பிய்த்து, இதமான வெந்நீரில் நனைத்து, வடைபோல் தட்டுங்கள். கிளேயுடன் வரும் லூப்ரிகன்டையோ, ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மி.லி. கார் ஷாம்பு கலந்த நீரையோ தாராளமாக அடியுங்கள். இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக, நேர்க்கோட்டில், விரலின் கனம் மட்டும் போட்டு நகர்த்துங்கள். முதலில் கரகரவென்று பிடிக்கும், பிறகு வழுக்கும். வழுக்கியதும் நிறுத்துங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் கிளேயை மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். கீழே விழுந்தால் குப்பைத்தொட்டிதான். மண் ஒட்டிய கிளே உப்புத்தாளுக்குச் சமம்.

கறுப்பு வண்டியில் கிளே மெல்லிய கோடுகளை விடும், அதற்குப் பாலிஷ் தேவைப்படும். பாலிஷ் போட எண்ணமில்லாதவர்கள் கறுப்பு வண்டியில் கிளேயைத் தொடாமல் ரிமூவரோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

## 9. உலர்த்தி, மூடுங்கள்

போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் கடைசி அலசலுக்கு 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரைப் பூவாளியில் ஊற்றுங்கள். உடனே துடைத்துவிடுங்கள், தானாகக் காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் நிற்கும்.

இப்போது பெயின்ட் வெறுமையாக இருக்கிறது. பழைய வாக்ஸ் பெரும்பாலும் போயிருக்கும். அன்றே வாக்ஸோ சீலன்டோ போட்டாக வேண்டும், "நாளைக்கு" என்பது கூடாது. துகள் மறுபடி வராமல் இது தடுக்காது. ஆனால் விழுபவை வாக்ஸ் படலத்தில் உட்காரும், அடுத்த தடவை எளிதாக வரும்.

வருடத்துக்கு இரண்டு முறை போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒன்று, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். ஈரம்தான் துருவுக்கு உயிர். தண்டவாளத்தை ஒட்டி வீடு என்றால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கவர் சோதனை செய்து பார்த்து முடிவெடுங்கள். தேவையில்லாமல் மாதாமாதம் அடிப்பது வீண்.

## 10. பைக், ஸ்கூட்டருக்கு

முறை இதுதான், அளவு 50–80 மி.லி. போதும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பைக்கில் பெயின்ட் இல்லாத அலுமினியப் பாகங்கள் காரைவிட அதிகம். அதனால் நேரடியாகத் தெளிக்காமல் துணியில் அடித்து டேங்க், பக்க பேனல், மட்கார்டு மேல் ஒற்றி வையுங்கள்; நேரம் முடிந்ததும் கழுவுங்கள். செயினில் படக்கூடாது. பட்டால் கழுவி, காயவைத்து, செயின் லூப் (மசகு) போடுங்கள். வீலைச் செய்தால் பிரேக் சோதனை இங்கே இன்னும் கட்டாயம்.

## 11. வராத புள்ளிகளும், அடுத்த முறை பொறி பறந்தால் செய்ய வேண்டியதும்

இரண்டு சுற்று ரிமூவர், ஒரு கிளே, அதன் பிறகும் பழுப்பு நிற்கிறது என்றால் துகள் போய்விட்டது, அது விட்ட கறையோ குழியோதான் நிற்கிறது. ஊசியால் நோண்டாதீர்கள். லேசான கறை பாலிஷில் போகும். குழியானால் டிடெய்லிங் கடைக்காரரிடம் காட்டி, பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அளக்காமல் பாலிஷ் மெஷின் போடுபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பக்கத்தில் கேட்டோ கிரில்லோ வெட்டும் வேலை நடந்தால் கவர் போட்டு மூடுவது போதாது, பொறி துணியைப் பொசுக்கி ஓட்டை போடும். வண்டியை வேறு தெருவுக்கு நகர்த்துங்கள். நகர்த்தத் தவறி, பொடி விழுந்துவிட்டால் துணியால் தட்டாதீர்கள், துடைக்காதீர்கள். அன்றைக்கே குழாயால் வேகமாகத் தண்ணீர் அடித்து ஓடவிட்டு, ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். சூடாக விழுந்து குத்தியவை மட்டும் நிற்கும். மேலோடு கிடப்பவை இரவுப் பனியில் துருப்பிடிக்கும் முன்பே போய்விடும்.